பழைய பேக்ஹோவில் பவர் குறைந்தால் பம்பைக் கழற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய பேக்ஹோ லோடர் (முன்னால் லோடர் கையும் பின்னால் தோண்டும் பூமும் உள்ள மெஷின்) மண்ணில் பக்கெட்டை இறக்கியதும் திணறினால், பெரும்பாலும் முதலில் வரும் தீர்ப்பு 'பம்ப் போயிடுச்சு' என்பதுதான். ஆயிலைத் தள்ளும் ஹைட்ராலிக் பம்ப் மாறும், மெஷினின் திணறல் மாறாது. ஆயில் டேங்குக்குள் இருக்கும் கம்பிவலை ஸ்ட்ரெய்னர் அடைத்திருந்ததோ, டீசல் டேங்க் மூடியின் காற்றுத் துவாரம் மூடியிருந்ததோ அதற்குப் பிறகுதான் தெரியவரும். ஹைட்ராலிக் பம்ப், இன்ஜினுக்கு டீசலைப் பீய்ச்சும் எஃப்ஐ பம்ப், ஆயிலைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் கன்ட்ரோல் வால்வு மூன்றும் ஒரு பழைய மெஷினில் விலை கூடிய பாகங்கள். அவற்றில் கை வைப்பதற்கு முன் நான்கு கேள்விகளுக்கு விடை வேண்டும். கோளாறு இன்ஜினிலா, ஹைட்ராலிக்கிலா? வேகம் குறைவா, வலு குறைவா? எல்லா இயக்கமுமா, ஒன்று மட்டுமா? ஆயில் சூடாவதற்கு முன்பா, பின்பா? இவற்றைக் கேட்காமல் ஸ்பேனர் எடுப்பதிலிருந்துதான் மற்ற தவறுகள் எல்லாம் கிளைக்கின்றன.

இன்ஜினா, ஹைட்ராலிக்கா என்று பிரிக்காமல் இறங்குவது

இரண்டு கோளாறும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இன்ஜின் சுற்று குறைந்தால் பம்ப் தள்ளும் ஆயிலும் குறையும். ஆப்பரேட்டருக்கு அது ஹைட்ராலிக் கோளாறாகவே தெரியும். பிரித்துப் பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. மெஷின் நன்றாகச் சூடேறட்டும். லோடர் கையைத் தாழ்வாக வைத்து, த்ராட்டிலை முழுதாகக் கொடுத்து, லோடர் பக்கெட்டைக் கடைசி வரை மடக்கி, நின்ற பிறகும் லீவரை ஐந்து விநாடி பிடித்திருங்கள். அதற்கு மேல் வேண்டாம், ஆயில் வேகமாகச் சூடாகும்.

பிரஷர் எல்லை தாண்டாமல் ஆயிலை டேங்குக்குத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு திறக்கும் சத்தம் வந்து, இன்ஜின் கொஞ்சம் அமுங்கி அங்கேயே நிலைத்து நின்றால் இன்ஜின் அந்தச் சுமையைத் தாங்குகிறது என்று பொருள். சரிந்து அணையப் பார்த்தால் இன்ஜின் பக்கம் போக வேண்டும். அல்லது யாரோ ரிலீஃப் வால்வை அளவுக்கு மேல் முறுக்கியிருக்க வேண்டும். இன்ஜினில் அசைவே இல்லை, பக்கெட்டிலும் வலு இல்லை என்றால் பிரஷர் ஏறவே இல்லை. அப்போது டீசல் ஃபில்டர் மாற்றி ஒரு பயனும் இல்லை.

இதற்குப் பின்னால் எளிய கணக்கு இருக்கிறது. பிரஷரை பார் என்ற அலகில் எடுத்து, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதால் பெருக்கி, 600 ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். 200 பாரில் 100 லிட்டர் என்றால் சுமார் 33 கிலோவாட், அதாவது 45 குதிரைத்திறன். பம்பில் வீணாவதையும் சேர்த்தால் இன்ஜின் 50க்கு மேல் கொடுக்க வேண்டும். 75 குதிரைத்திறன் இன்ஜின் தேய்ந்து 55க்கு இறங்கியிருந்தால், ஹைட்ராலிக்கை மட்டும் ஓட்டும்போது ஒப்பேற்றிவிடும். முன்னால் தள்ளிக்கொண்டே பக்கெட்டைத் தூக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

தள்ளும்போது மட்டும் வலு இல்லை, தோண்டுவது நன்றாக இருக்கிறது என்றால் இன்ஜின் சுற்றை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரையும் கணக்கில் எடுங்கள். மேனுவலில் ஸ்டால் வேகம் என்று ஓர் எண் இருக்கும். மேனுவல் சொல்லும் முறையில் பிரேக் பிடித்து, கியர் போட்டு, முழு த்ராட்டிலில் பார்க்கும்போது சுற்று அந்த எண்ணுக்குக் கீழே நின்றால் இன்ஜின் பலவீனம். மேலே போனால் கன்வர்ட்டரோ கியர்பாக்ஸின் கிளட்ச் பேக்கோ நழுவுகிறது. சில விநாடிகளில் முடித்துவிட வேண்டிய சோதனை இது. பிரேக் ஒட்டிக்கொண்டு ஓடும் மெஷினும் 'இழுவை இல்லை' என்ற பெயரைத்தான் வாங்கும். சிறிது தூரம் ஓட்டிவிட்டு ஆக்சிலின் இரண்டு பக்கச் சூட்டையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

த்ராட்டில் கம்பியைப் பார்க்காமல் விடுவது

இவ்வளவு சின்ன விஷயமா என்று தோன்றும், ஆனாலும் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கேபிள் நீண்டு, லிங்க் தேய்ந்து, பெடலை முழுதாக மிதித்தாலும் எஃப்ஐ பம்பின் லீவர் கடைசி ஸ்டாப்பைத் தொடாத மெஷின்கள் நிறைய உண்டு. ஒருவர் மிதிக்க, ஒருவர் பார்த்தால் போதும். டாஷ்போர்டு மீட்டரை நம்பாமல் கையில் பிடிக்கும் டாக்கோமீட்டரில் சுற்றை அளந்து மேனுவலுடன் ஒப்பிடுங்கள். 2,200 வர வேண்டிய இடத்தில் 1,800 வந்தால் ஆயில் ஓட்டம் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விட்டது.

வேகக் குறைவையும் வலுக் குறைவையும் ஒன்றாக நினைப்பது

பம்ப் ஆயிலைத் தள்ளும், அவ்வளவுதான் அதன் வேலை. எதிரே சுமை தடுக்கும்போதுதான் பிரஷர் உண்டாகிறது. வேகம் லிட்டரில் இருக்கிறது, வலு பாரில் இருக்கிறது. மெதுவாக ஏறினாலும் சுமையைத் தூக்கிவிடுகிறது என்றால் ஆயில் ஓட்டம் குறைவு: பம்ப் ஆயிலை உறிஞ்சும் வழியான சக்‌ஷன் அடைப்பு, இன்ஜின் சுற்று, பம்ப் தேய்மானம் என்ற வரிசையில் பாருங்கள். வெறுமனே வேகமாக ஆடுகிறது, மண்ணில் இறங்கியதும் நின்றுவிடுகிறது என்றால் ரிலீஃப் வால்வுப் பக்கம் சந்தேகம் போக வேண்டும். காலையில் நன்றாக ஓடி, ஆயில் சூடேறியதும் இரண்டும் சேர்ந்து குறைந்தால் உள்கசிவு. ஆயில் சூட்டில் நீர்த்துப்போய் தேய்ந்த இடைவெளிகள் வழியே நழுவுகிறது. பம்பில் சந்தேகம் கொள்ள நியாயமான இடம் இதுதான். அப்போதும்கூட வால்விலோ சிலிண்டரிலோ கசியக்கூடும்.

எத்தனை இயக்கம் பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதும் இடத்தைச் சொல்லிவிடும். முன்னும் பின்னும் எல்லாமே மந்தம் என்றால் டேங்க், சக்‌ஷன், பம்ப், மெயின் ரிலீஃப். பின்பக்கம் மட்டும் என்றால் அந்த வால்வு பிளாக். ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் தகராறு செய்கிறதென்றால் பம்பின் மேல் பழி போட எந்தக் காரணமும் இல்லை. பம்ப் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயிலைத்தான் தள்ளுகிறது.

கேஜ் இல்லாமல் ரிலீஃப் வால்வைத் திருகுவது

வலு குறைந்ததும் ரிலீஃப் ஸ்க்ரூவை அரைச் சுற்று உள்ளே விடுவது பல இடங்களில் வழக்கம். சில நேரம் பலன் தெரிவதால்தான் இந்தப் பழக்கம் நிற்கவில்லை. பழைய மெஷின்களில் மெயின் ரிலீஃப் பெரும்பாலும் 170 முதல் 230 பாருக்குள் வைக்கப்பட்டிருக்கும். சரியான எண் அந்த மாடலின் மேனுவலில் இருக்கும். கேஜ் இல்லாமல் திருகினால் 280ஐத் தாண்டிவிட்டோமா என்று தெரிய வழியே இல்லை. ஹோஸ் வெடிக்கும், சிலிண்டர் சீல் பிதுங்கும், பூம் வெல்டிங்கில் விரிசல் விழும். ஏற்கெனவே சோர்ந்த இன்ஜின் இன்னும் அமுங்கும்.

ரிலீஃப் வால்வு தானாகத் தளர்வது குறைவு. சீட்டில் தூசு உட்கார்ந்திருக்கும், ஸ்பிரிங் உடைந்திருக்கும், ஓ-ரிங் கிழிந்திருக்கும். கழற்றிக் கழுவிப் பார்த்துவிட்டு, 400 பார் வரை காட்டும் கேஜ் ஒன்றை டெஸ்ட் போர்ட்டில் மாட்டி அளந்த பிறகுதான் ஸ்க்ரூவைத் தொட வேண்டும். ஒரு கேஜின் விலை பம்ப் விலையில் மிகச் சிறிய பங்கு. பேக்ஹோ வைத்திருக்கும் ஒவ்வொருவரும் வாங்க வேண்டிய முதல் கருவி அதுதான் என்பேன்.

சக்‌ஷன் பக்கத்தை மறந்துவிடுவது

பம்ப் அலறுகிறதா? லீவர் தள்ளும்போது சரளைக்கல் உருளும் சத்தம் வருகிறதா? பம்புக்குப் போதிய ஆயில் கிடைக்கவில்லை. டேங்குக்குள் ஒரு கம்பிவலை ஸ்ட்ரெய்னர் இருப்பதே பலருக்குத் தெரியாது. வெளியே உள்ள ஃபில்டரை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஸ்ட்ரெய்னரைக் கழற்றிக் கழுவுங்கள். 'நல்லா வடிகட்டட்டும்' என்று அந்த இடத்தில் மெல்லிய ஃபில்டர் போட்டால் பம்பைப் பட்டினி போட்டுக் கொல்வதாகிவிடும். சக்‌ஷன் ஹோஸ் வெளியே முழுசாகத் தெரிந்தாலும் உள் ரப்பர் உரிந்து வழியை மூடலாம். ஆயில் சூடேறி ஹோஸ் இளகும்போது இது தலைகாட்டும்.

பிரஷர் பக்கம் ஓட்டை என்றால் ஆயில் சொட்டும். சக்‌ஷன் பக்கம் ஓட்டை என்றால் மெஷின் ஓடும்போது ஒரு சொட்டும் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். சிலிண்டர்கள் துள்ளித் துள்ளி நகரும், டேங்கில் நுரை நிற்கும். ஆயில் வெளுத்திருந்தால் கண்ணாடிப் பாத்திரத்தில் பிடித்து வையுங்கள். கொஞ்ச நேரத்தில் தெளிந்தால் உள்ளே இருந்தது காற்று. ஒரு நாள் ஆகியும் பால் போலவே இருந்தால் தண்ணீர். அந்த ஆயிலை மாற்றியே ஆக வேண்டும். காற்று புகும் இடத்தைக் கண்டுபிடிக்க, மெஷினை ஐடிலில் விட்டு ஒவ்வொரு கிளாம்ப் மேலும் கொஞ்சம் ஆயில் ஊற்றுங்கள். எந்த இடத்தில் ஊற்றும்போது சத்தம் மாறுகிறதோ அங்கேதான் கசிவு.

சூட்டைப் படிக்காமல் பிரிப்பது

வேலை செய்யாமல் நழுவிப்போகும் ஆயிலின் பவர் முழுவதும் சூடாக மாறுகிறது. கசியும் வால்வோ சிலிண்டரோ பக்கத்தில் இருப்பதைவிடச் சூடாக இருக்கக் காரணம் இதுதான். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வைத்து வால்வு பிளாக்கின் ஒவ்வொரு பகுதியையும், ஒவ்வொரு ரிட்டர்ன் பைப்பையும் வரிசையாகப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். எது தனித்து எகிறி நிற்கிறதோ அதை முதலில் கழற்றலாம். டேங்க் ஆயில் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சீல்களும் ஆயிலும் வேகமாகக் கெடும். கூலரின் மண்ணையும் அப்போதே கழுவிவிடுங்கள்.

லோடர் கை தானாக இறங்குகிறது என்றதும் சீல் கிட் வாங்குவதும் அவசரம்தான். கையின் எடை சிலிண்டரின் அடிப்பக்க ஆயில் மேல் உட்கார்கிறது. பிஸ்டன் சீல் மட்டும் கசிந்தால் ராடு பக்கம் அந்த ஆயில் முழுவதற்கும் இடமில்லை, ஏனென்றால் ராடே இடத்தை அடைத்திருக்கிறது. கொஞ்சம் இறங்கி நின்றுவிடும். தரை வரை இறங்குகிறது என்றால் கன்ட்ரோல் வால்வுக்குள் நகரும் ஸ்பூலோ, அந்தச் சிலிண்டருக்கான தனி ரிலீஃப் வால்வான போர்ட் ரிலீஃபோ கசிகிறது. சீலைச் சோதிக்க வேண்டுமானால், கையைத் தாங்கி நிறுத்தி, சிலிண்டரைக் கடைசி வரை நீட்டி, பிரஷரை விடுவித்து, ராடு பக்க ஹோஸைக் கழற்றி அந்த ஹோஸின் வாயை டம்மியால் அடைத்துவிடுங்கள். ஐடிலில் நீட்டும் பக்கமாக மட்டும் லீவரைத் தள்ளும்போது திறந்த போர்ட்டிலிருந்து தொடர்ந்து ஆயில் வந்தால் சீல் போய்விட்டது. லீவர் மறுபக்கம் போகவே கூடாது.

புகையைக் கேட்காமல் எஃப்ஐ பம்பை இறக்குவது

இன்ஜின்தான் பலவீனம் என்று உறுதியானால் லோடு கொடுத்துப் புகையைப் பாருங்கள். கரும்புகையோடு திணறினால் டீசல் போகிறது, காற்று போதவில்லை: ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ், அல்லது டீசலைத் தெளிக்கும் நோசில் கெட்டிருப்பது. புகையே இல்லாமல் திணறினால் டீசல் போகவில்லை. சூடான பிறகும் வெண்புகை வந்தால் டைமிங், நோசில், கம்ப்ரஷன். நீலப்புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது.

புகையில்லாத திணறலில் டீசலின் பாதையை டேங்கிலிருந்து தொடங்கிப் பாருங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்து, அரை மணியில் சோர்ந்து, நிறுத்தி வைத்துவிட்டு எடுத்தால் மறுபடி நன்றாக ஓடும் மெஷினில் டேங்க் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். பவர் திரும்பினால் மூடியின் துவாரம் அடைப்பு. திரும்பவில்லை என்றால் டேங்கின் அடியில் உள்ள குப்பை வெளிவாயில் வந்து ஒட்டக்கூடும். டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்பில் ஒரு சின்ன வலை இருக்கும், டீசல் பைப்பை இணைக்கும் துளையுள்ள பான்ஜோ போல்ட்டுக்குள்ளும் சில மாடல்களில் இருக்கும். ஃபில்டர் மாற்றுபவர்கள் அவற்றைத் திறப்பதே இல்லை. சந்தேகம் தீரவில்லையா? சுத்தமான டீசல் கேனை மெஷின் மேல் பத்திரமாகக் கட்டி, அதிலிருந்து நேரே ஃபீட் பம்புக்குத் தனி ஹோஸ் கொடுத்து ஓட்டுங்கள். ஓடினால் எஃப்ஐ பம்ப் நிரபராதி.

எஃப்ஐ பம்பின் மேக்ஸ் ஃப்யூயல் ஸ்க்ரூவைத் திறந்து டீசலைக் கூட்டுவதை வன்மையாக மறுக்கிறேன். காற்று கூடாமல் டீசல் மட்டும் கூடினால் கரும்புகையும் பிஸ்டன் சூடும்தான் கூடும். ஏர் ஃபில்டர் தாளை அதிக பிரஷர் காற்றால் அடித்துக் கிழிப்பதும், உள்ளே இருக்கும் சேஃப்டி ஃபில்டரை எடுத்துவிட்டு ஓட்டுவதும் லைனரைத் தேய்த்து இன்ஜினையே முடித்துவிடும்.

கையால் கசிவைத் தடவுவது

இதை எல்லாவற்றுக்கும் மேலாக வைத்துக்கொள்ளுங்கள். ஊசித்துளையில் பீய்ச்சும் ஆயில் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளி மட்டும் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. சில மணி நேரத்தில் அறுவை சிகிச்சை நடக்காவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். கசிவை அட்டைத் துண்டால் தேடுங்கள். தோலில் அப்படிப் புள்ளி விழுந்துவிட்டால் 'ஹைட்ராலிக் ஆயில் உள்ளே ஏறிவிட்டது' என்று சொல்லி உடனே அவசரச் சிகிச்சைக்குப் போங்கள். எந்த ஹோஸைக் கழற்றுவதற்கு முன்பும் பூமையும் லோடர் கையையும் தரையில் இறக்கி, இன்ஜினை அணைத்து, எல்லா லீவரையும் இரு பக்கமும் அசைத்து உள்ளே தங்கிய பிரஷரை விடுங்கள். கையைத் தூக்கி வைத்துத்தான் வேலை என்றால் கையைத் தாங்கும் சேஃப்டி ஸ்ட்ரட் மாட்டாமல் அடியில் போகாதீர்கள்.

புதிய பம்பை அழுக்கு டேங்கில் மாட்டுவது

இத்தனையும் பார்த்து, பம்ப்தான் என்று உறுதியானால் மாற்றுங்கள். ஒரு இயக்கமும் இல்லை, ஆயில் நிறைய இருக்கிறது என்றால் பம்பை ஓட்டும் கப்ளிங்கின் ஸ்ப்ளைன் (பல் வரிகள்) தேய்ந்து வழுக்குகிறதா என்று முதலில் பாருங்கள். பழைய பம்ப் தேய்ந்த உலோகத் துகள் டேங்கிலும் கூலரிலும் பைப்பிலும் கிடக்கும்; கழுவாமல் விட்டால் புதியது சீக்கிரமே அதே நிலைக்கு வரும். சுற்றும் திசையும் லிட்டர் அளவும் பழையதோடு பொருந்துகின்றனவா என்று சரிபார்த்து, மேனுவல் சொல்லும் கிரேடு ஆயிலையே ஊற்றுங்கள். மாட்டியதும் பம்புக்குள்ளும் சக்‌ஷன் ஹோஸிலும் கையால் ஆயில் நிரப்பி, ஐடிலில் சுமையில்லாமல் சில நிமிடம் ஓடவிட்டு, ஒவ்வொரு சிலிண்டரையும் மெதுவாக நீட்டி மடக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். பிறகு எல்லா சிலிண்டரையும் மேனுவல் சொல்லும் நிலையில் வைத்து ஆயில் மட்டத்தைப் பார்த்து, குறைந்ததை ஊற்றி, கேஜை மாட்டி ரிலீஃப் பிரஷரை அளந்து குறித்து வையுங்கள்.