கூரை விளக்கைச் சுவரில் பொருத்தும்போது

கூரையோடு ஒட்டினாற்போல் பொருத்தும் தட்டையான வட்ட விளக்குகள் சுவரிலும் அழகாகவே அமையும். எனினும், சுவரில் மாட்டலாம் என்று விளக்குடன் வரும் குறிப்புத்தாளில் இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். கனமான கண்ணாடி மூடியைச் சிறு திருகுகள் மட்டும் தாங்கும் வகையைத் தவிர்ப்பதே நல்லது. ஏனெனில், செங்குத்தாக நிறுத்தியதும் எடையெல்லாம் கீழ்ப்பக்கத் திருகிலேயே இறங்கி, நாளடைவில் மூடி தளர்ந்துவிடக்கூடும். நடைவழியில் 10 செ.மீ.க்கு மேல் துருத்தாத விளக்கானால் தோளில் இடிக்காது. கண் மட்டத்தில் ஒளி கூசும் என்பதால், பால்நிற மூடியும் 2700 கெல்வின் அளவிலான இளமஞ்சள் எல்இடி பல்பும் பொருத்தமானவை. படுக்கையறைக்கு இந்த இதமான ஒளியையே நான் விரும்புகிறேன். மெயின் சுவிட்சை அணைத்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.