மது அருந்திய பின் சைக்கிள்: உங்கள் ஊர்ச் சட்டத்தைப் படித்தறிவது எப்படி?

மது அருந்திவிட்டுச் சைக்கிள் ஓட்டினால் சட்டம் தம்மைத் தொடாது என்று பலர் நம்புகிறார்கள். சில நாடுகளில் அது பாதி உண்மை. பல நாடுகளில் முழுத் தவறு. ஆகவே, தண்டனைப் பிரிவுக்குப் போகும் முன் 'வாகனம்' என்பதற்கு உங்கள் சட்டம் தரும் வரையறையைத் தேடிப் படியுங்கள்.

இந்தியாவின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில், 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராம் ஆல்கஹால் என்ற வரம்பை வைக்கும் 185ஆம் பிரிவு மோட்டார் வாகனத்தை மட்டுமே குறிப்பதால், மிதித்து ஓட்டும் சைக்கிள் அதில் சேராது. அத்துடன் புத்தகத்தை மூடிவிட வேண்டாம். பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி பொதுவழியில் ஓட்டுவதைத் தண்டிக்கும், இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவு 'எந்த வாகனத்தையும்' என்கிறது. சைக்கிளுக்கு விலக்குத் தரவில்லை.

அடுத்து அளவைப் பாருங்கள். ஜெர்மனியில் கார் ஓட்டுபவருக்கு இரத்தத்தில் ஆயிரத்துக்கு 1.1 பங்கு ஆல்கஹால் என்பது குற்ற எல்லை, சைக்கிளுக்கு 1.6. ஆனால் தடுமாற்றம் வெளிப்பட்டால் 0.3 அளவிலேயே வழக்கு வரலாம். பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம், 30ஆம் பிரிவில், எண் எதையும் சொல்வதில்லை. சைக்கிளைச் சரிவரக் கட்டுப்படுத்த இயலாத போதையில் ஓட்டினாலே குற்றம். எண் இல்லாத சட்டம் தளர்வானது என்று எண்ணாதீர்கள். அங்கே உங்கள் பேச்சும் தள்ளாட்டமுமே சாட்சியாகிவிடும்.

நீங்கள் படிப்பது நடப்புச் சட்டமா என்றும் சரிபாருங்கள். ஜப்பானில் 2024 நவம்பர் 1 முதல், மூச்சுக்காற்றில் லிட்டருக்கு 0.15 மில்லி கிராம் ஆல்கஹால் இருந்தாலே சைக்கிள் ஓட்டியவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையோ ஐந்து லட்சம் யென் வரை அபராதமோ விதிக்கலாம். குடித்தவர் ஓட்டுவார் எனத் தெரிந்தே சைக்கிளைக் கொடுத்தவரும் தப்ப முடியாது. பேட்டரி சைக்கிளாக இருந்தால் மோட்டாரின் திறனையும் வேகத்தையும் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டர் என்ற எல்லையைத் தாண்டினால் பொதுவாக அது சைக்கிளாகவே கருதப்படுவதில்லை.

உருட்டிக்கொண்டு போனால் போதும் என்பதும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. இங்கிலாந்தில் போதையில் சைக்கிளை உருட்டிச் சென்ற ஒருவர், 1872ஆம் ஆண்டின் உரிமச் சட்டப்படி வண்டியைப் பொறுப்பில் வைத்திருந்த குற்றவாளியே என்று 1950இல் உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. அங்கெல்லாம் சைக்கிளைப் பூட்டி நிறுத்திவிட்டு நடந்து செல்லுங்கள். மறுநாள் போதை முழுவதும் தெளிந்தபின் எடுத்துக்கொள்ளலாம்.