வெளியூர் நண்பருக்காக ரவுட்டரில் ஒரே ஒரு போர்ட்டைத் திறப்பது எப்படி?

வீட்டுக் கணினியில் மைன்கிராஃப்ட் விளையாட்டின் ஜாவா பதிப்புக்கான சர்வரை ஓட்டுகிறீர்கள். அதே வைஃபையில் இருக்கும் தம்பி உள்ளே வந்துவிடுகிறான். வெளியூர் நண்பரால் வர முடியவில்லை. சர்வரில் கோளாறு எதுவும் இல்லை. வெளியிலிருந்து வரும் இணைப்பை எந்தக் கணினிக்கு அனுப்புவது என்று தெரியாததால் ரவுட்டர் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. போர்ட் என்பது இணைப்புகள் வந்து சேரும் எண்ணிட்ட வாசல். எந்த போர்ட்டுக்கு வருவதை எந்தக் கணினிக்கு அனுப்ப வேண்டும் என்று ரவுட்டருக்குச் சொல்லிவைப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங்.

எதையும் தொடுவதற்கு முன் ஒரு சோதனை. இதைச் செய்யாமல் இரண்டு மாலைப்பொழுதுகளை நான் இழந்திருக்கிறேன். உலாவியில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடித்து ரவுட்டர் பக்கத்தைத் திறங்கள். சரியான முகவரி பெரும்பாலும் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். அங்கே 'வான்' (WAN, அதாவது வெளி இணைய இணைப்பு) என்ற பகுதியில் உள்ள ஐபி முகவரியையும், ஐபி காட்டும் இணையதளம் ஒன்று சொல்லும் முகவரியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றென்றால் தொடரலாம். ரவுட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டிருக்கிறது. அப்போது உங்கள் ரவுட்டரில் எதை மாற்றியும் பயனில்லை. நிறுவனத்திடம் பொது ஐபி கேளுங்கள்.

அடுத்து, சர்வர் கணினிக்கு மாறாத உள்முகவரி வேண்டும். வீட்டுக் கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபி (DHCP) பகுதியில் அந்தக் கணினியைத் தேர்ந்தெடுத்து, 192.168.1.50 போன்ற ஒரு முகவரியை ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் என்றாவது ஒருநாள் முகவரி மாறி, எழுதிய விதி வேறொரு கருவியைக் காட்டிக்கொண்டிருக்கும்.

இப்போது போர்ட் ஃபார்வர்டிங் பக்கம். சில ரவுட்டர்களில் இதன் பெயர் வெர்ச்சுவல் சர்வர். வெளி போர்ட் 25565, உள் போர்ட் 25565, முகவரி 192.168.1.50, நெறிமுறை டிசிபி என்று நிரப்பிச் சேமியுங்கள். மைன்கிராஃப்டின் பெட்ராக் பதிப்பு என்றால் போர்ட் 19132, நெறிமுறை யுடிபி.

விண்டோஸின் சொந்த ஃபயர்வாலும் குறுக்கே நிற்கும். சர்வர் முதன்முறை ஓடும்போது அது கேட்கும் கேள்வியை ரத்து செய்திருந்தால், தடை விதி ஒன்று பதிவாகியிருக்கும். ஃபயர்வால் அமைப்பில் ஜாவாவுக்கு அனுமதி கொடுங்கள்.

வீட்டு வைஃபையிலிருந்தே பொது முகவரியைச் சோதித்துப் பார்க்காதீர்கள். பல ரவுட்டர்கள் அதை அனுமதிப்பதில்லை. மடிக்கணினியைக் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள்.

வேலை செய்யவில்லை என்ற அவசரத்தில் ரவுட்டரின் ஃபயர்வாலை அணைக்கவோ 'டிஎம்இசட்' வசதியை இயக்கவோ வேண்டாம். ஒரு ஜன்னலைத் திறக்கப்போய்ச் சுவரையே இடித்த கதையாகிவிடும். டிஎம்இசட் இயங்கினால் வெளியிலிருந்து எந்த போர்ட்டுக்கு வரும் இணைப்பும் அந்தக் கணினிக்கே போய்ச் சேரும். திறந்த 25565ஐத் தேடி அலையும் தானியங்கி நிரல்களும் உண்டு. ஆகவே சர்வரில் ஒயிட்லிஸ்ட் வசதியை இயக்கி, நண்பர்களின் பெயர்களை மட்டும் சேர்த்துவிட்டு அழைப்பு அனுப்புங்கள்.