டின் உணவு வாங்கும்போது தேதிக்கு முன்னால் பார்க்க வேண்டியது

டின்னைக் கையில் எடுத்ததும் எல்லோரும் தேடுவது தேதியைத்தான். அதையும் பாருங்கள், ஆனால் முதலில் மூடியின் ஓரத்தில் விரலை வைத்து ஒரு சுற்று ஓட்டுங்கள். கிருஷ்ணகிரி மாங்கூழ் தொழிற்சாலைகளில் பெங்களூரா மாம்பழத்தை அரைத்துத் தோலும் கொட்டையும் நீக்கி, கூழைச் சூடாக்கி, ஆறுவதற்குள் டின்னில் நிரப்பி, மூடியின் ஓரத்தை டின்னின் ஓரத்தோடு சேர்த்துச் சுருட்டி இறுக்கி அழுத்திவிடுவார்கள். வெளிக்கிருமி உள்ளே போகாமல் காப்பது அந்த மடிப்புதான். அங்கே நசுங்கியிருந்தால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம். டின்னின் வயிற்றுப் பக்கம் லேசான வழவழப்பான ஒடுக்கு என்றால் பரவாயில்லை, கூர்மையாக மடங்கியிருந்தால் வைத்துவிடுங்கள். துடைத்தால் போகும் துருவுக்குப் பயப்பட வேண்டாம், குழி விழுந்த துரு ஆகாது.

அப்புறம் மூடியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். சூடாக அடைத்தது ஆறும்போது சுருங்குவதால் மூடி கொஞ்சம் உள்வாங்கி அசையாமல் இருக்கும். டக் டக்கென்று மேலும் கீழும் போனாலோ உப்பியிருந்தாலோ எடுக்காதீர்கள். வீட்டில் இருக்கும் டின் உப்பிவிட்டதா? திறக்காமல், முக்கியமாக ருசி பார்க்காமல், பையில் கட்டித் தூக்கிப் போடுங்கள். கெட்ட டின்னில் ஒரு கிருமி உண்டாக்கும், உயிருக்கே ஆபத்தான பொட்டுலிசம் நச்சு வாடையோ நிறமோ காட்டாமலும் இருக்கும், மோந்து பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்பதெல்லாம் சும்மா.

புளிப்பான அன்னாசி, தக்காளி, மாங்கூழ் (புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 4.6-க்குக் கீழே) போன்றவற்றுக்குக் கொதிநீர்ச் சூடு போதும். மீன், பட்டாணி, காளான், கொண்டைக்கடலை அப்படியில்லை, அழுத்த நீராவியில் 121 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றினால்தான் பொட்டுலிசக் கிருமியின் சூடு தாங்கும் வித்துகள் சாகும். அதனால் வீடியோ பார்த்துவிட்டு வீட்டில் காளானைப் பாட்டிலில் அடைத்து மாதக்கணக்கில் அலமாரியில் வைக்கிற வேலையே வேண்டாம். விசில் குக்கரை நம்பியும் இறங்காதீர்கள்.

1813-லேயே லண்டனில் டின் உணவு ஆலை ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் டின் ஓப்பனருக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது 1858-ல்தான். ஆரம்பத்தில் உளியும் சுத்தியலும்தான்!

சரி, லேபிளுக்கு வருவோம். நிகர எடையில் தண்ணீரும் சேரும், வடித்த எடை போட்டிருந்தால் அதை வைத்து விலையை ஒப்பிடுங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க உரிம எண்ணும் பேட்ச் எண்ணும் அழியாமல் இருக்க வேண்டும். மாங்கூழில் சர்க்கரை சேர்த்ததும் உண்டு, சேர்க்காததும் உண்டு, பாயசத்துக்கோ லஸ்ஸிக்கோ வாங்கும்போது இதைப் பார்க்காவிட்டால் தித்திப்பு ஏறிவிடும்.

திறந்த பிறகு டின்னோடு ஃபிரிட்ஜில் வைக்காமல் கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றுங்கள். புளிப்பானவை ஐந்து நாள் வரை தாங்கும், மீன், கடலை வகைகளை மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். ஹோட்டலுக்குப் போகும் 3.1 கிலோ மாங்கூழ் டின்னை ஆசையாக வாங்கிவிட்டால், அன்றைக்கே சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்து ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள்.