பத்தும் பத்தும் பொருந்தவில்லை: குறைந்த செலவில் ரோடு பைக் பூட்டுவது எப்படி?

என் அலமாரியின் அடித்தட்டில் ஓர் அட்டைப்பெட்டி இருக்கிறது. 26.8 மி.மீ. குழாய்க்குள் நுழைய மறுத்த 27.2 மி.மீ. சீட் போஸ்ட், 26 மி.மீ. ஸ்டெம்மில் (ஹேண்டில்பாரைக் கவ்வும் பாகம்) அடங்காத 31.8 மி.மீ. ஹேண்டில்பார், ரிம்மில் உட்காராத ஒரு ஜோடி டயர் எல்லாம் அதில் கிடக்கின்றன. மலிவாகக் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்து மகிழ்ந்து வாங்கியவை. கூட்டிப் பார்த்தால் நல்ல சக்கர ஜோடி ஒன்றின் விலை வந்துவிடும்.

அதனால்தான் இந்தப் பதிவு: பாகங்களைத் தேடி வாங்கி ஒரு ரோடு பைக்கை, அதாவது தார்ச்சாலைக்கான மெல்லிய டயர் சைக்கிளை, நாமே பூட்டுவது பற்றி. பையில் பணம் குறைவாக இருப்பவருக்கு விலைப்பட்டியலைவிட அளவுகோல்தான் அதிகம் மிச்சப்படுத்திக் கொடுக்கும். பஞ்சர் ஒட்டவும் செயினுக்கு எண்ணெய் விடவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் வாங்க வேண்டியது சைக்கிள் பாகமே அல்ல, ஒரு வெர்னியர் அளவி. 150 மி.மீ. வரை அளக்கும் டிஜிட்டல் வகை போதும். பளபளக்கும் கருவிப்பெட்டி இப்போது வேண்டாம். நல்ல இரும்பில் செய்த 4, 5, 6 மி.மீ. ஆலன் கீ மூன்றும் இந்த அளவியும் இருந்தால் பழைய சைக்கிள் ஒன்றைப் பார்க்கத் தைரியமாகப் போகலாம்.

படி 1: ஃப்ரேம்

54, 56 என்று ஃப்ரேமில் ஒட்டியிருக்கும் எண்ணை நம்பி வாங்காதீர்கள். ஒரு நிறுவனத்தின் 54 இன்னொரு நிறுவனத்தின் 52 போல இருக்கும். ஒப்பிட உதவும் அளவுகள் இரண்டுதான்: ஸ்டாக், ரீச். பெடல் கைகளின் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டின் மையத்திலிருந்து ஹெட் ட்யூபின் (முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் நுழையும் முன்குழாய்) மேல்விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச்.

இதை அளக்கச் சுவர் ஒன்று போதும். சமதரையில் சைக்கிளை நேராக நிறுத்தி, பின்சக்கரத்தைச் சுவரோடு ஒட்ட வையுங்கள். சுவரிலிருந்து பாட்டம் பிராக்கெட் மையம் வரை ஓர் அளவு, ஹெட் ட்யூப் மேல்விளிம்பின் மையம் வரை இன்னோர் அளவு எடுங்கள். கழித்தால் ரீச். அதே இரண்டு புள்ளிகளையும் தரையிலிருந்து அளந்து கழித்தால் ஸ்டாக். உங்கள் உடம்புக்கு ஏற்கெனவே ஒத்துப்போகிற நண்பரின் சைக்கிளில் இதை முதலில் செய்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு விற்பனைக்கு வரும் எந்த ஃப்ரேமையும் அந்த இரண்டு எண்களோடு ஒப்பிடலாம். ஸ்டெம்மின் நீளத்தை மாற்றி ஒரு சென்டிமீட்டர் முன்பின் சரிசெய்யலாம். அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால், எவ்வளவு அழகான வண்ணமாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

ஃப்ரேமின் மூலப்பொருளைப் பொறுத்தவரை என் கட்சி இதுதான்: புதிதாக வாங்கினால் அலுமினிய ஃப்ரேமும் கார்பன் ஃபோர்க்கும், பழையதாக வாங்கினால் எஃகு. பழைய கார்பனை முதல் சைக்கிளாக வாங்காதீர்கள். கார்பனுக்குள் இருக்கும் விரிசல் வெளியே தெரியாமலே இருக்கக்கூடும். எஃகு அப்படி ஏமாற்றாது. பெயிண்ட் சுருங்கியிருக்கிறதா, துரு கசிகிறதா என்று ஹெட் ட்யூபுக்குப் பின்னாலும் பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றியும் விரலால் தடவிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

பழைய எஃகு ஃப்ரேமைப் பார்க்கப் போனால், சீட் போஸ்டைத் தளர்த்தி அசைத்துக் காட்டச் சொல்லுங்கள். அலுமினிய போஸ்ட் எஃகுக் குழாய்க்குள் ஆண்டுக்கணக்கில் கிரீஸ் இல்லாமல் இருந்தால், வேர்வையும் மழைநீரும் சேர்ந்து இரண்டையும் ஒட்ட வைத்துவிடும். அசையாத போஸ்டை எடுக்கிற வேலை ஒரு வாரத்தைத் தின்னும்.

பிறகு மூன்று அளவுகள்.

பின்சக்கரம் உட்காரும் இடைவெளி முதலாவது. 126 மி.மீ. என்றால் பழைய 6, 7 கியர் காலம் (இங்கே கியர் என்பது பின்னால் உள்ள பற்சக்கரங்களின் எண்ணிக்கை). 130 மி.மீ. என்றால் ரிம் பிரேக் வைத்த 8 முதல் 11 கியர் வரை. டிஸ்க் பிரேக் என்றால் 135 அல்லது, ஹப்பின் ஊடே செல்லும் தடித்த அச்சோடு, 142 (ஹப் என்பது சக்கரத்தின் நடுப்பாகம்). எஃகு ஃப்ரேமை 126-இலிருந்து 130-க்கு விரிக்க முடியும். அலுமினியத்தையும் கார்பனையும் அப்படி விரிக்கவே கூடாது.

பாட்டம் பிராக்கெட் குழாயின் அகலம் இரண்டாவது. 68 மி.மீ. அகலமும் உள்ளே மரையும் இருந்தால் பெரும்பாலும் ஆங்கில மரை. பாகங்கள் எங்கும் கிடைக்கும். 70 என்றால் இத்தாலிய மரையாக இருக்கலாம். மரையே இல்லாமல் அழுத்திச் செருகும் வகைகளும் உண்டு. அவை முனகத் தொடங்கினால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் தலைவலி வந்துவிடும். முதல் சைக்கிளுக்கு மரை உள்ளதே நல்லது. (ஆங்கில மரையில் செயின் பக்கத்தில் அச்சைத் தாங்கும் கிண்ணம் தலைகீழ் மரை கொண்டது, கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். இதை அறியாமல் ஒரு மாலை முழுவதும் அதை நானே இறுக்கிக்கொண்டிருந்தேன்.)

டயருக்கான இடம் மூன்றாவது. ஃபோர்க்கின் உச்சி, பிரேக்கின் அடிப்பகுதி, பின்னால் இரண்டு குழாய்களுக்கு நடுவே என எங்கே குறுகலோ அங்கே அளந்து, டயருக்கு இருபுறமும் குறைந்தது 4 மி.மீ. விட்டுக் கணக்கிடுங்கள்.

படி 2: சக்கரமும் டயரும்

டயரின் பக்கச்சுவரில் 28-622 என்பதுபோல் சிறிய எழுத்தில் ஓர் எண் இருக்கும். முதல் எண் மி.மீ. கணக்கில் அகலம், இரண்டாவது எண் டயர் ரிம்மில் உட்காரும் விட்டம். பெரிய எழுத்தில் இருப்பதை மறந்துவிட்டு இதை மட்டும் படியுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்தபின் பலர் பெரிய எழுத்தில் வரும் 27 அங்குலம், 700சி என்ற அளவுகளின் குழப்பத்தைக் கேட்டுவிட்டார்கள். 27 அங்குலச் சக்கரத்தின் விட்டம் 630. 700சி சக்கரத்தின் விட்டம் 622. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், எட்டு மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது. ஆனால் 622 டயர் 630 ரிம்மில் ஏறாது. 630 டயர் 622 ரிம்மில் தளர்ந்து நின்று, காற்றடித்ததும் கழன்றுவிடும். பெட்டியில் கிடக்கும் ஜோடி அப்படி வந்ததுதான். பழைய 27 அங்குல ஃப்ரேமில் 700சி சக்கரம் போட விரும்பினால் போடலாம். பிரேக் கட்டை 4 மி.மீ. கீழே இறங்க வேண்டும், அவ்வளவுதான். பிரேக்கின் கைகளில் கட்டை நகரும் பள்ளம் அந்த அளவுக்கு இடம் தருகிறதா என்று முதலில் பாருங்கள்.

ஃப்ரேம் அனுமதித்தால் 28 மி.மீ. அகலம் எடுங்கள். 23 மி.மீ. டயரைக் கல்லாக ஊதி ஓட்டினால்தான் வேகம் என்று நானும் நம்பியிருந்தேன். அந்த வேகம் பெரும்பாலும் கைமுட்டிக்கு வரும் அதிர்வுதான். கரடுமுரடான சாலையில் அகலமான டயரைக் கொஞ்சம் குறைந்த காற்றில் ஓட்டும்போது சக்கரம் துள்ளாமல் உருளும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அகலமான ரிம்மில் 28 என்று எழுதிய டயர் 30 வரை விரியலாம். முன்பு விட்ட 4 மி.மீ. அப்போது கைகொடுக்கும்.

பணம் மிச்சமிருந்தால் முதலில் டயரில் போடுங்கள். எடை குறைந்த ஹேண்டில்பாரை வாங்கி யாருக்குக் காட்டப்போகிறீர்கள்? நல்ல டயரை முதல் வளைவிலேயே உணர்வீர்கள். காண்டினென்டல் அல்ட்ரா ஸ்போர்ட், விட்டோரியா சஃபிரோ போன்றவை தொடங்குபவருக்குத் தாராளமாகப் போதும். ட்யூப் இல்லாத டயர் இப்போது வேண்டாம். பசைத் திரவமும் முதல்முறை ஏற்றும் போராட்டமும் பின்னாளில் பார்த்துக்கொள்ளலாம். விளிம்பில் கொக்கி இல்லாத ரிம் கிடைத்தால் கூடுதல் கவனம் தேவை. அதற்கு ட்யூப்லெஸ் டயர்தான் போட வேண்டும், அதுவும் ரிம் தயாரிப்பாளர் அனுமதித்ததை; காற்றும் 5 பார், அதாவது 72.5 பி.எஸ்.ஐ. தாண்டக் கூடாது.

பழைய ரிம் பிரேக் சக்கரம் என்றால் பிரேக் உரசும் பக்கத்தில் ஒரு இரும்பு ஸ்கேலை நிறுத்திப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் ரிம் தேய்ந்து குழிந்திருக்கிறது. சிரித்த முகத்தோடு நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

படி 3: கியர் (நான் விழுந்த இடம்)

என்னிடம் ஏற்கெனவே ஷிமானோவின் பழைய 10 கியர் பின் டிரெய்லியர் (செயினைப் பற்சக்கரம் விட்டுப் பற்சக்கரம் நகர்த்தும் பாகம்) ஒன்று இருந்தது. டியாக்ரா 4700 வரிசையின் ஷிஃப்டர் (கம்பியை இழுத்து டிரெய்லியரை இயக்கும் கைப்பிடி) ஒரு ஜோடி வாங்கினேன். அதுவும் 10, இதுவும் 10. ஒரே நிறுவனம். பொருந்தாமல் எங்கே போகும்?

பூட்டி முடித்து மெல்ல பெடலைச் சுற்றினேன். மிகச் சிறிய பற்சக்கரத்தில் செயின் அமைதியாக ஓடியது. இரண்டாவதில் லேசான உரசல். மூன்றாவது, நான்காவதில் கடகடவென்று அடுத்த பற்சக்கரத்தின் மேல் ஏறப் பார்த்தது. கம்பியின் இறுக்கத்தைச் சரிசெய்யும் திருகைத் திருப்பினால் நடுப்பகுதி ஒழுங்காகும்; ஆனால் சிறிய பற்சக்கரத்திலிருந்து செயின் மேலே ஏற மறுக்கும். அதைச் சரிசெய்தால் மறுபடி நடுவில் கடகட. டிரெய்லியர் தொங்கும் கொக்கி வளைந்திருக்கும் என்று நினைத்து அதை நிமிர்த்தினேன். கம்பியை மாற்றினேன். கம்பியின் உறையை மாற்றினேன். இரண்டு மாலைகள் போயின.

தவறு முழுக்க என்னுடையது. பாகம் பழுதில்லை; சேர்த்த ஜோடிதான் பிழை. ஷிமானோவின் 8, 9, 10 கியர் ரோடு ஷிஃப்டர்களும் பழைய டிரெய்லியர்களும் பொதுவாக ஒரே விகிதத்தில் (இழுத்த கம்பிக்கு டிரெய்லியர் எவ்வளவு நகரும் என்ற கணக்கில்) வேலை செய்பவை. ஆனால் டியாக்ரா 4700, 10 கியராக இருந்தும் 11 கியரின் விகிதத்தைப் பின்பற்றுகிறது. அந்த ஷிஃப்டர் ஒரு கிளிக்குக்கு அதிகமாகக் கம்பியை இழுக்கிறது. பழைய டிரெய்லியர் ஒவ்வொரு கிளிக்கிலும் முக்கால் மி.மீ. அளவில் கூடுதலாக நகரும். முதல் கிளிக்கில் அது தெரியாது. பற்சக்கரங்களுக்கு இடையே ஏறத்தாழ 4 மி.மீ.தான் தூரம், ஐந்தாவது கிளிக்கில் பிழை ஒரு முழுப் பற்சக்கரமாக வளர்ந்து நிற்கும். எந்தத் திருகும் அதைச் சரிசெய்யாது.

ஆகவே கியரின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், பாகத்தின் பின்புறம் பொறித்திருக்கும் மாடல் எண்ணைப் படியுங்கள். ஷிஃப்டரும் பின் டிரெய்லியரும் ஒரே வரிசையாக இருந்தால் கவலை இல்லை. நல்ல செய்தியும் ஒன்று உண்டு: ஷிமானோவின் 9 கியர் மலைச் சைக்கிள் டிரெய்லியர் அந்தப் பழைய விகிதத்தில்தான் வேலை செய்கிறது. பெரிய பற்சக்கரம் வேண்டுவோர் 4700 அல்லாத பழைய 8, 9, 10 கியர் ரோடு ஷிஃப்டரோடு அதைச் சேர்க்கலாம்.

பின்சக்கர ஹப்பிலும் இதே போன்ற பொறி இருக்கிறது. 8, 9, 10 கேசட்டுகள் (பின் பற்சக்கரத் தொகுதிகள்) ஒரே ஹப்பில் ஏறும். 11 கியர் ரோடு ஹப் அதைவிட 1.85 மி.மீ. கூடுதல் நீளமானது. அதில் பழைய கேசட்டை 1.85 மி.மீ. வளையம் வைத்துப் பூட்டலாம். பழைய ஹப்பில் சாதாரண 11 கேசட் உட்காராது. சக்கரம் வாங்குவதானால் 11-க்கான ஹப்பே வாங்குங்கள்.

எத்தனை கியர் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: ஷிமானோவின் 8 கியர் கிளாரிஸ் வரிசையோ 9 கியர் சோரா வரிசையோ போதும், செயினும் கேசட்டும் மலிவு. எண்ணிக்கையைவிட முக்கியம் மிக இலகுவான கியர் எது என்பது. முன்னால் 39 பல், பின்னால் 25 பல் என்றால் ஒரு பெடல் சுற்றுக்குச் சைக்கிள் சுமார் 3.3 மீட்டர் போகும். முன்னால் 34, பின்னால் 32 என்றால் சுமார் 2.26 மீட்டர். ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவதா, உட்கார்ந்தபடியே ஏறுவதா என்பதை அந்த ஒரு மீட்டர்தான் தீர்மானிக்கும். பந்தயக்காரர்களின் 53/39 பல் கிராங்க் (பெடல் கைகளும் முன் பற்சக்கரங்களும் சேர்ந்த தொகுதி) மலிவாக வந்தாலும் வாங்காதீர்கள், 50/34 தேடுங்கள்.

பழைய செயினை இரும்பு ஸ்கேலால் அளக்கலாம். புதிய செயினில் ஓர் ஊசியின் மையத்திலிருந்து 24 ஊசிகள் தள்ளி இருக்கும் ஊசியின் மையம் வரை 304.8 மி.மீ. ஒன்றரை மி.மீ. கூடியிருந்தாலே மாற்றும் வேளை வந்துவிட்டது. மிகவும் நீண்ட செயினோடு வரும் கேசட்டும் தேய்ந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

படி 4: மற்றவை

ஸ்டெம், ஹேண்டில்பார் எல்லாம் விட்டம் பொருந்தினால் எது மலிவோ அது. சீட் மட்டும் விதிவிலக்கு: உட்காரும் எலும்பின் அகலத்துக்கு ஏற்றதை, முடிந்தால் இரவல் வாங்கி ஓட்டிப் பார்த்து எடுங்கள். பெடல் பூட்டும்போது இடது பெடலுக்குத் தலைகீழ் மரை என்பதை நினைவில் வையுங்கள்.

அந்தப் பழைய 10 கியர் டிரெய்லியர் என்னவாயிற்று? அது பெட்டிக்குள் போகவில்லை. கிளிக் எதுவும் இல்லாத, விரல் தள்ளும் அளவுக்கு மட்டும் கம்பியை இழுக்கும் பழைய நெம்புகோல் ஒன்றோடு என் இன்னொரு சைக்கிளில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு எத்தனை கியர், எந்த வரிசை என்ற கேள்வியே இல்லை. செயின் சத்தம் நிற்கும்வரை தள்ள வேண்டியதுதான்.