புதுச் சேணம் பொருந்துகிறதா? பழைய வேட்டி சொல்லிவிடும்

எடை குறைந்த புதுச் சேணத்தை வாங்கும் முன், அடியில் பழைய வெள்ளை வேட்டித் துணியைச் சுருக்கமில்லாமல் விரித்து 20 நிமிடம் சவாரி செய்து பாருங்கள். சென்னைப் புழுக்கத்தில் அதற்குள் குதிரைக்கு நன்றாக வியர்த்துவிடும். முதுகெலும்புக்கு இருபுறமும் ஈரமும் அழுக்கும் ஒரே சீராகப் பதிந்திருந்தால் சரி. அங்கே உலர்ந்த திட்டு தெரிந்தால் கவனியுங்கள்: சேணம் அளவுக்கு மீறி அழுத்தும் இடத்தில் வியர்வை வெளிவராது. சேணம் முதுகைத் தொடாமல் தூக்கி நின்றாலும் இப்படித் திட்டு விழும், அதனால் கையை உள்ளே விட்டும் பார்த்துவிடுங்கள். இலேசான சேணம்தானே என்று விட்டுவிட வேண்டாம், உங்கள் எடையும் அதன் வழியேதான் முதுகில் இறங்குகிறது.

மார்கழிக் காலையில் மெதுநடை மட்டும் போனால் இது உதவாது. நம் ஊர் வெக்கையில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடும்; அப்படியென்றால் சேணத்தை விடுங்கள், முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.