நிகர பூஜ்ஜிய உறுதிமொழிகளைக் கண்காணிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிறுவனங்களும் நகரங்களும் தாமாக முன்வந்து அறிவிக்கும் நிகர பூஜ்ஜிய உமிழ்வு இலக்குகளை, அதாவது பசுமைக்குடில் வாயு உமிழ்வைக் குறைத்து எஞ்சியதை அகற்றிச் சமன்செய்யும் இலக்குகளைத் திரட்டி, அவ்வப்போது சரிபார்த்து, ஒப்பிடத்தக்க அட்டவணையாக்கும் வேலைக்குப் புதியவர்கள் பலர் வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய அட்டவணைகளைத் திருத்த உட்காரும்போதெல்லாம், தொடக்க காலத்தில் நாங்கள் எந்தக் கட்டங்களில் சறுக்கினோமோ அதே கட்டங்களில் அவர்களும் சறுக்குவதைக் காண்கிறேன். நிறுவனத்தின் பெயரைப் பிழையாக எழுதுவது, தாய் நிறுவனத்தையும் துணை நிறுவனத்தையும் இரண்டாக எண்ணுவது, 2040-ஐ 2050 என்று பதிவது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. இன்னொருவர் ஒருமுறை பார்த்தாலே அவை பிடிபட்டுவிடும். பலர் பார்த்த பிறகும் தங்கிவிடும் தவறுகளைப் பற்றியே எழுதுகிறேன்.

மேடைப் பேச்சை உறுதிமொழியாகக் கொள்ளுதல்

மேயர் ஒருவர் மாநாட்டில் சொன்னதும், நகர மன்றம் தீர்மானமாக நிறைவேற்றியதும், செயல்திட்ட ஆவணத்தில் இடம்பெற்றதும், சட்டமாக்கப்பட்டதும் ஒரே எடை கொண்டவை அல்ல. நெட் ஜீரோ டிராக்கர் என்னும் பொதுத் தரவுத்தளம் முன்மொழிவு, அறிவிப்பு, கொள்கை ஆவணம், சட்டம், எட்டிவிட்டதாகத் தாமே அறிவித்தது என்று நிலைகளைப் பிரித்து வைத்திருப்பது இதனால்தான். கடைசி நிலை ஒரு சுய அறிவிப்பு மட்டுமே என்பதை மறந்து, புதியவர்கள் அதை ‘நிறைவேறியது’ என்று எழுதிவிடுகிறார்கள்.

கார்பன் சமநிலைக்கும் நிகர பூஜ்ஜியத்துக்கும் இடையிலான வேறுபாடும் இங்கேதான் கைநழுவுகிறது. உமிழ்வைக் குறைக்காமலே, வேறிடத்தில் குறைக்கப்பட்ட உமிழ்வுக்கான சான்றுகளான கார்பன் கிரெடிட்டுகளை வாங்கி இன்றைக்கே கார்பன் சமநிலையை அறிவித்துவிட முடியும். நிறுவனங்களின் இலக்குகளைச் சரிபார்க்கும், எஸ்பிடிஐ என்று சுருக்கமாக வழங்கும் அறிவியல் சார்ந்த இலக்குகள் முன்முயற்சி 2021 அக்டோபரில் வெளியிட்ட நிறுவனத் தரநிலையோ, மிகத் தாமதமாக 2050-க்குள் பெரும்பாலான துறைகளில் உமிழ்வை ஏறத்தாழ 90 விழுக்காடு குறைத்து, எஞ்சியதை மட்டும் வளிமண்டலத்திலிருந்து அகற்றி நிலையாகச் சேமிக்க வேண்டும் என்கிறது. கூகுள் 2007 முதல் தன் செயல்பாடுகள் கார்பன் சமநிலையில் இருப்பதாகச் சொல்லிவந்தது. 2024-இல் வந்த அதன் சுற்றுச்சூழல் அறிக்கை, அந்நிலையைத் தான் இனிப் பேணவில்லை என்று தெரிவித்தது. 2030-க்குள் நிகர பூஜ்ஜியம் என்பது அதன் வேறொரு இலக்கு. இரண்டையும் ஒரே கட்டத்தில் அடைத்தவர்களின் அட்டவணையில், கூகுள் முன்பே எட்டிய இலக்கைப் பிறகு எதிர்காலத்துக்குத் தள்ளிவைத்ததுபோலத் தெரிந்தது.

எல்லையைக் குறிக்காமல் விடுதல்

‘எங்கள் செயல்பாடுகள் 2040-க்குள் நிகர பூஜ்ஜியம்’ என்று ஒரு வாகன உற்பத்தியாளர் சொன்னால், அது ஸ்கோப் 1, ஸ்கோப் 2 ஆகியவற்றை மட்டுமே, அதாவது சொந்த எரிபொருளையும் வாங்கிய மின்சாரத்தையும் மட்டுமே குறிக்கக்கூடும். விற்ற வாகனங்கள் ஓடும்போது வெளியாகும் புகை, விநியோகச் சங்கிலியிலும் விற்ற பொருள்களிலும் உண்டாகும் மறைமுக உமிழ்வான ஸ்கோப் 3-இன் 15 வகைகளுள் பதினோராவது வகையில் வருகிறது. வாகனம், எண்ணெய், எரிவாயு ஆகிய தொழில்களில் உமிழ்வின் பெரும்பகுதி இந்த ஒரு வகையிலேயே அடங்கியிருக்கும்போது, அதைத் தொடாத இலக்கையும் தொடும் இலக்கையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதில் பொருளில்லை. காலநிலை அமைப்புகளான நியூகிளைமேட் இன்ஸ்டிடியூட்டும் கார்பன் மார்க்கெட் வாட்ச்சும் 2022-இல் 25 பெரிய நிறுவனங்களின் உறுதிமொழிகளைக் கூர்ந்து படித்தபோது, அவை உண்மையில் உறுதியளித்த குறைப்பு சராசரியாக 40 விழுக்காடுதான் என்று கண்டன. தலைப்புகளை மட்டும் படித்திருந்தால் அது 100 என்றே பதிவாகியிருக்கும்.

நகரங்களுக்கும் இது பொருந்தும். மாநகராட்சிக் கட்டடங்கள், அதன் வாகனங்கள், தெருவிளக்குகள் ஆகியவற்றை மட்டும் உள்ளடக்கிய இலக்கு, நகரத்தின் மொத்த உமிழ்வில் சிறு பகுதியையே தொடுகிறது. நகரம் முழுவதற்குமானது என்று சொல்லப்பட்டாலும், 2014-இல் வெளியான நகரக் கணக்கெடுப்பு நெறிமுறையின் ‘பேசிக்’ நிலையா, ‘பேசிக் பிளஸ்’ நிலையா என்று பார்க்க வேண்டும். முதல் நிலை நிலையான எரிசக்திப் பயன்பாடு, போக்குவரத்து, கழிவு ஆகியவற்றோடு நின்றுவிடும். தொழிற்சாலைச் செயல்முறைகளும், வேளாண்மையும், நகர எல்லையைக் கடக்கும் பயணங்களும் இரண்டாவது நிலையில்தான் சேரும்.

பழைய பதிவை அழித்து அதன்மேல் புதியதை எழுதுதல்

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னை எரிச்சலூட்டுவது இந்த ஒரு தவறுதான். மற்றவற்றைப் பிறகு எப்படியாவது திருத்திக்கொள்ளலாம். இதில் இழந்ததை மீட்பது பெரும்பாலும் இயலாது.

புதியவர்கள் அட்டவணையை அமைக்கும்போது ஒரு நிறுவனத்துக்கு ஒரு வரிசை என்று ஒதுக்குகிறார்கள். அடுத்த முறை சரிபார்க்கும்போது நிறுவனத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து, அங்கே இருப்பதைப் பார்த்து, பழைய எண்ணின்மேல் புதிய எண்ணைத் தட்டச்சு செய்துவிடுகிறார்கள். அட்டவணை எப்போதும் நடப்புத் தகவலுடன் இருப்பதால் பார்ப்பதற்குப் பொறுப்பான வேலைபோலத் தோன்றுகிறது. ஆனால் தன்னார்வ உறுதிமொழிகளில் நாம் கண்காணிக்க வேண்டியதே அவை காலப்போக்கில் எப்படி மாறுகின்றன என்பதுதான். சட்டக் கட்டாயம் எதுவுமின்றிச் சொன்னவர், சொன்னதைச் சட்டச் சிக்கல் எதுவுமின்றி மாற்றிக்கொள்ளவும் முடியும். அந்த மாற்றத்தை அவரே முன்வந்து விளம்பரப்படுத்தப்போவதில்லை.

பொதுவெளியில் நடந்தவற்றையே பார்க்கலாம். பிபி நிறுவனம் 2050-க்குள் நிகர பூஜ்ஜியத்தை எட்டும் நோக்கத்தை 2020-இல் அறிவித்தது. எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 2019-ஐவிட 2030-க்குள் 40 விழுக்காடு குறைப்பதாகவும் அதே ஆண்டில் சொன்னது. 2023 பிப்ரவரியில் அந்த 40 என்பது 25 ஆயிற்று. 2025 பிப்ரவரியில் உற்பத்திக் குறைப்பே கைவிடப்பட்டு, உற்பத்தியைப் பெருக்கும் திட்டம் வந்தது. ஷெல் நிறுவனம் 2024 மார்ச்சில் தன் 2030 கார்பன் செறிவுக் குறைப்பை, அதாவது ஓர் அலகு ஆற்றலுக்கான உமிழ்வின் குறைப்பை, 20 விழுக்காட்டிலிருந்து 15 முதல் 20 வரை என்று தளர்த்தியதோடு, 2035-க்கு வைத்திருந்த 45 விழுக்காட்டு இலக்கை முற்றிலும் நீக்கியது; 2050 நிகர பூஜ்ஜிய இலக்கை வைத்துக்கொண்டது. ஒரு வரிசை அட்டவணையில் ‘இலக்கு ஆண்டு: 2050’ என்ற கட்டம் இக்காலம் முழுவதும் அசையாமல் நின்றிருக்கும். கோபன்ஹேகன் நகரம் 2025-க்குள் கார்பன் சமநிலையை எட்டும் திட்டத்தை 2012-இல் ஏற்றது. கழிவு எரிப்பு ஆலையில் கார்பனைப் பிடிக்கும் திட்டத்துக்கு நிதி கிடைக்காத நிலையில், அந்த ஆண்டுக்குள் எட்ட இயலாது என்று 2022 ஆகஸ்டில் தெரிவித்தது. 2025-ஐ அழித்து அதற்குப் பிந்தைய ஓர் ஆண்டை எழுதிவிட்டால், தவறிய இலக்கு ஒன்று புதிய இலக்காக மட்டுமே எஞ்சும்.

இவை பெரிய பெயர்கள். செய்தித்தாள்கள் நினைவில் வைத்திருக்கும். அதிகம் பேசப்படாத நிறுவனங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. திருத்துவதற்காக என்னிடம் வந்த ஓர் அட்டவணையில், ஓர் உற்பத்தி நிறுவனத்தின் முன்னேற்றம் ஒரே ஆண்டில் வியக்கத்தக்க அளவு கூடியிருந்தது. அந்தச் சதவீதத்தை ஒப்பீட்டு அட்டவணை ஒன்றில் ஏற்கெனவே வெளியிட்டும் விட்டிருந்தார்கள். நிறுவனம் அடிப்படை ஆண்டை, அதாவது குறைப்பை எந்த ஆண்டோடு ஒப்பிடுகிறதோ அந்த ஆண்டை, மாற்றியிருக்கக்கூடும் என்று தோன்றியதால் பழைய அடிப்படை ஆண்டு எது என்று கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. நிறுவனத்தின் பழைய பக்கத்தின் முகவரி புதிய பக்கத்துக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தது. ஆண்டறிக்கைக் கோப்பும் அதே முகவரியில் திருத்திய பதிப்பாக மாற்றப்பட்டிருந்தது. இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமிக்கும் வேபேக் மெஷினில் பக்கத்தின் பிரதி கிடைத்தது, எண்கள் இருந்த இணைப்புக் கோப்பு கிடைக்கவில்லை. நீண்ட தேடலுக்குப் பிறகும் பழைய எண்ணை உறுதிசெய்ய முடியாமல், வெளியிட்ட ஒப்பீட்டையே திரும்பப் பெற நேர்ந்தது. அந்த அட்டவணையில் ‘கடைசியாகப் புதுப்பித்த நாள்’ என்ற நெடுவரிசை ஒன்று கவனமாகப் பராமரிக்கப்பட்டிருந்தது. எந்த நாளில் சான்று அழிக்கப்பட்டது என்பதைத் தவிர வேறு எதையும் அது சொல்லவில்லை.

அடிப்படை ஆண்டு நகர்வது எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதைச் சிறு கணக்கில் காணலாம். ஒரு நிறுவனம் முதலில் 100 அலகு உமிழ்ந்தது, சில ஆண்டுகளுக்குப் பின் 120 உமிழ்ந்தது, இன்று 90 உமிழ்கிறது என்று கொள்வோம். முதல் ஆண்டிலிருந்து பார்த்தால் குறைப்பு 10 விழுக்காடு. உச்ச ஆண்டிலிருந்து பார்த்தால் 25 விழுக்காடு. கூடுதலாக ஓர் அலகுகூடக் குறையவில்லை.

எல்லா மாற்றமும் ஏமாற்று அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு பிரிவு விற்கப்பட்டாலோ, வேறொரு நிறுவனம் வாங்கப்பட்டாலோ, கணக்கிடும் முறை மாறினாலோ, மாற்றம் குறிப்பிடத்தக்க அளவில் இருந்தால் அடிப்படை ஆண்டின் எண்ணை மறுகணக்கிட வேண்டும் என்று உமிழ்வுக் கணக்கீட்டுத் தரநிலையான ஜிஎச்ஜி புரோட்டோகாலே விதிக்கிறது. அங்கே ஆண்டு அதேதான், எண் மட்டும் மாறுகிறது. ஆண்டையே நகர்த்துவது வேறு செயல். நகரங்களில் இன்னொரு நியாயமான காரணமும் உண்டு. மீத்தேனின் புவி வெப்பமாக்கும் திறனை நூறாண்டுக் கணக்கில் 25 என்று வைத்த, ஐநாவின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் நான்காம் மதிப்பீட்டிலிருந்து, 28 என்று வைத்த ஐந்தாம் மதிப்பீட்டுக்கு மாறும் நகரத்தில், குப்பைக் கிடங்கின் மீத்தேன் துளியும் கூடாமலே அதன் கணக்கு 12 விழுக்காடு உயர்ந்துவிடும். இந்த நியாயமான மாற்றங்களை மற்றவற்றிலிருந்து பிரித்தறியவும் பழைய எண் கையில் இருந்தாக வேண்டும்.

ஆகவே ஒரு நிறுவனத்துக்கு ஒரு வரிசை என்பதை விட்டு, ஒரு கூற்றுக்கு ஒரு வரிசை என்று அமைக்க வேண்டும். கணக்குப் பேரேட்டில் தவறான பதிவை அழிக்காமல் எதிர்ப்பதிவு இடுவதைப் போலவே இங்கும் செய்ய வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் கூற்றின் முழு வாசகம், அது வெளியான நாள், நாம் பார்த்த நாள், எல்லை, அடிப்படை ஆண்டும் அதன் எண்ணும், இடைக்கால இலக்கு, கிரெடிட்டுகளின் பங்கு, நாமே சேமித்த கோப்பின் இடம் ஆகியவை இருக்கட்டும். மாற்றம் வந்தால் புதிய வரிசை திறந்து, பழையதற்கு ‘நடப்பில் உள்ளது’, ‘மாற்றப்பட்டது’, ‘திரும்பப் பெறப்பட்டது’, ‘கெடு கடந்தது’ என்ற நிலைகளில் ஒன்றைக் கொடுத்து, அவர்கள் சொல்லும் காரணத்தை அவர்கள் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தைப் படித்த அன்றே அதன் பிரதியையும் இணைப்புக் கோப்புகளையும் தனித்தனியாகச் சேமியுங்கள். பொதுக் காப்பகத்தை மட்டும் நம்ப வேண்டாம். அட்டவணை பெருத்துவிடும் என்பது வழக்கமான எதிர்ப்பு. நடப்பு வரிசைகளை மட்டும் காட்டுமாறு வடிகட்டினால் அது தீர்ந்துவிடும்.

பதிவு செய்தவரையும் சரிபார்க்கப்பட்டவரையும் கலத்தல்

எஸ்பிடிஐ பட்டியலில் ‘உறுதியளித்தவர்’ என்றால் இலக்கைச் சமர்ப்பிக்க 24 மாதக் கெடு பெற்றவர் என்றே பொருள். இலக்கு சரிபார்க்கப்பட்டது என்று பொருள் இல்லை. 2024 மார்ச்சில் 200-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் உறுதிகள் ‘நீக்கப்பட்டவை’ என்று குறிக்கப்பட்டபோது, அவற்றுள் மைக்ரோசாஃப்ட், யூனிலீவர், வால்மார்ட் ஆகியவற்றின் நிகர பூஜ்ஜிய உறுதிகளும் இருந்தன. அதைப் பார்த்து அந்நிறுவனங்கள் தம் சொந்த இலக்குகளையே கைவிட்டுவிட்டன என்று எழுதியவர்கள் எதிர்த்திசையில் அதே தவற்றைச் செய்தார்கள். பட்டியலின் நிலைக்கும் நிறுவனத்தின் கூற்றுக்கும் தனித்தனி நெடுவரிசைகள் வேண்டும்.

கூட்டணியின் பெயரைச் சான்றாகக் கொள்ளுதல்

கூட்டணிகள் கலைகின்றன. 2021-இல் தொடங்கிய காப்பீட்டு நிறுவனங்களின் நிகர பூஜ்ஜியக் கூட்டணி 2024-இல் முடிவுக்கு வந்தது. 2021-இலேயே தொடங்கிய வங்கிகளின் கூட்டணி 2025 அக்டோபரில் செயல்பாட்டை நிறுத்தியது. உறுப்பினரின் சொந்த ஆவணத்தைப் பார்க்காமல் உறுப்பினர் பட்டியலை மட்டும் பிரதியெடுத்தவர்களிடம் இன்று வெறும் பெயர்கள்தான் இருக்கின்றன.

செறிவு இலக்கை மொத்த இலக்காகப் பதிதல்

ஒரு டன் உற்பத்திக்கு உமிழ்வு குறைந்தாலும், உற்பத்தி பெருகினால் மொத்தம் கூடும். தனி நெடுவரிசை வையுங்கள்.

முறை குறிக்காத ஸ்கோப் 2

இட அடிப்படையா (உள்ளூர் மின்கட்டமைப்பின் சராசரி), சந்தை அடிப்படையா (நிறுவனம் ஒப்பந்தமிட்டு வாங்கிய மின்சாரம்) என்று சொல்லாத எண்ணை ஒப்பீட்டில் சேர்க்க வேண்டாம்.

நகரத்தையும் அங்குள்ள நிறுவனத்தையும் கூட்டுதல்

ஒரே புகைபோக்கி இரண்டு கணக்கிலும் இருக்கிறது. கூட்டாதீர்கள்.

வெற்றுக் கட்டத்தை ஊகத்தால் நிரப்புதல்

இலக்கில் எந்தெந்த வாயுக்கள் அடங்கும் என்று ஆவணம் சொல்லாவிட்டால், ‘குறிப்பிடப்படவில்லை’ என்றே எழுதுங்கள். ‘எல்லா வாயுக்களும்’ என்றோ ‘கார்பன் டை ஆக்சைடு மட்டும்’ என்றோ நீங்களாக எழுதிவிட்டால், அடுத்து வருபவர் அது நிறுவனம் சொன்னது என்றே எடுத்துக்கொள்வார்.